விதை போட்டு வளர்க்க வாசனைப் பூ எது? (மல்லிகை தவிர)

வில்லாபுரத்து மாடி:
2013இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகை விளைகிற ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதற்கு யாரும் அடிக்க வரவேண்டாம். மல்லிகை எங்கள் மாடியிலும் இருக்கிறது. நான் கேட்பது விதை போட்டு, ஒரு பருவத்தில் பூத்து முடிகிற வாசனைச் செடிகள்.

பங்குனித் தொடக்கத்தில் கொடைக்கானல் போனபோது ஸ்வீட் பீ விதைப் பாக்கெட் ஒன்று வாங்கிவந்தேன். அட்டையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக அப்படியொரு படம்! மறுநாளே ஊன்றினேன். பன்னிரண்டில் ஒன்பது முளைத்தன. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பார்த்தால், ஒன்பதும் நூலாகக் காய்ந்து, படர்வதற்கு நட்ட குச்சிகள் மட்டும் நின்றன. இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். மண்ணில் குறையா?

இன்னொன்று: நான் வேலை முடிந்து வீடு சேர இரவு ஏழு மணி ஆகிவிடும். அந்நேரத்தில் மணக்க வேண்டும்.

திருமங்கலம் அத்தை:
தம்பி, மண்ணில் குறையில்லை, மாதத்தில்தான் குறை. ஸ்வீட் பீ குளிருக்குப் பிறந்த கொடி. ஆசை விடவில்லை என்றால் ஐப்பசி மழை ஓய்ந்ததும் விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். மார்கழியும் தையும்தான் அதற்கு நம் ஊரில் தோதான மாதங்கள். கொடைக்கானல் பூவை எதிர்பார்க்காதீர்கள். காய் பட்டாணிபோல இருக்கும், நஞ்சு. குழந்தைகள் இருந்தால் கவனம்.

உங்கள் ஏழு மணிக்கு அந்திமந்தாரைதான். நான்கு, ஐந்து மணிக்கு அவிழும், இருட்டினால் மணக்கும், மறுநாள் வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஒரே செடியில் ஒரு பூ மஞ்சள், ஒரு பூ சிவப்பு, இன்னொன்றில் இரண்டும் தெளித்திருக்கும். விதைக்குக் காசு கொடுக்காதீர்கள். யார் வீட்டுக் கொல்லையிலாவது செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும், கறுப்பாக, மிளகுபோல. அதுவும் நஞ்சுதான். எங்கள் வீட்டில் ஒருமுறை ரசம் வரைக்கும் போகப் பார்த்தது! ஒரு பருவத்துச் செடி என்றீர்கள். இது கிழங்கு விட்டுவிட்டால் போகச் சொன்னாலும் போகாது.

கார்த்திகையில் மரிக்கொழுந்து போடுங்கள். இது பூவுக்காக அல்ல, தழைக்காக. விதை தூள்போல இருப்பதால் மணலில் கலந்து தூவவேண்டும். மேலே மண் போட்டு மூடாதீர்கள். வாளியைக் கவிழ்த்தால் விதை ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும், பூவாளிதான் வேண்டும். புது விதையாகக் கேட்டு வாங்குங்கள், பழசு முளைக்காது.

வில்லாபுரத்து மாடி:
நன்றி அத்தை. மாட்டுத்தாவணியில் விற்கிற மரிக்கொழுந்துக் கட்டிலிருந்து இரண்டு குச்சி எடுத்து ஊன்றினால் வராதா?

ஒத்தக்கடைக்காரன்:
நான் ஊன்றிப் பார்த்தவன். நான்கு நாள் வீடே மணந்தது, ஐந்தாம் நாள் அழுகிவிட்டது. விதைக்கே போங்கள். அந்திமந்தாரைக்குச் சின்னத் தொட்டி வேண்டாம், கிழங்குக்கு இடம் போதாது. பழைய பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு வையுங்கள்.

வில்லாபுரத்து மாடி:
எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே அந்திமந்தாரை நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்! பதினேழு விதை பொறுக்கினேன். பாட்டிலில் போட்டு, அம்மா பார்ப்பதற்குள் ‘ரசத்துக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டிவிட்டேன்.