மீனைக் கொட்டிப் பதினைந்து நாளாகியும் பிரிட்ஜ் வாடை போகவில்லை

உறையூர் மருமகள் கேட்டது:

வணக்கம். இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சமையலறைப் பக்கம் வந்துவிடக்கூடாது என்று ஹாலிலேயே வழிமறித்துக் காப்பி கொடுத்து அனுப்புகிறேன். நிலைமை அப்படி.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது குலதெய்வம் கோயில் கொடைக்காகத் திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். எட்டு நாள். வீட்டைப் பூட்டும் பொறுப்பு எப்போதும் மாமாவுடையது, அதாவது என் மாமனாருடையது. சிலிண்டரை மூடியாச்சா, மொட்டைமாடிக் கதவுக்குத் தாழ் போட்டாச்சா என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அத்தனை கவனம். அந்தக் கவனத்தில் இந்தத் தடவை மெயினையும் அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஃப்ரீசரில் ஒரு கிலோ இறாலும் முக்கால் கிலோ வஞ்சிரமும் இருந்தன. கீழே இட்லி மாவு, தயிர், ஒரு கட்டு முருங்கைக்காய். வெளியே 40 டிகிரி வெயில். பூட்டைத் திறந்ததுமே என் வீட்டுக்காரர், "எலி செத்திருக்கும்போல" என்றார். எலியாக இருந்திருக்கலாமே என்று பிறகு நினைத்தேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டு, டப்பா, முட்டை ட்ரே எல்லாம் கழற்றி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் ஆறு போச்சு. ஒரு நாள் ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து துடைத்தேன். புஸ்ஸென்று நுரைத்தது, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கிண்ணத்தில் காப்பித்தூள் வைத்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து அத்தை உள்ளே சாம்பிராணி காட்டிவிட்டார். அன்றைக்கு முழுக்க மீனும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், சமையலறையே சகிக்கவில்லை.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து இரண்டு நாள் வைத்தால் வாடை கிட்டத்தட்ட இல்லை. ஆன் செய்து ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. ஐஸ் கட்டியில்கூடக் கவுச்சி. கீழ்வீட்டுப் பூனை வேறு தினமும் மாடியேறி வந்து பிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது, விரட்டினாலும் போவதில்லை. இரண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 260 லிட்டர், வாங்கி நாலு வருஷம்.

மாமா ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்து அவரே ஒரு முறை உள்ளே துடைக்கிறார். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

கோவில்பட்டி அக்கா:

மாமாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அவரிடம் கோபப்படாதே தங்கச்சி.

கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பரைப் பார்த்தாயா? மடிப்பை விரித்துப் பார். எங்கள் வீட்டில் ஒரு முறை இப்படித்தான், வாடை எங்கே என்று நாலு நாள் தேடினேன். ரப்பர் மடிப்புக்குள் மாவு வழிந்து காய்ந்து கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வெந்நீரில் நனைத்து மடிப்பு மடிப்பாக எடுத்தேன். அப்புறம் காய்கறி டப்பா உட்காரும் அடித்தரை. டப்பாவைத்தான் கழுவுவோம், அதன் அடியை யாரும் பார்ப்பதில்லை. ஒட்டிக்கிடந்து அழுகிய கொத்தமல்லித் தண்டு ஒன்று போதும்.

கழற்றிய தட்டுகளை ஒரு மணி நேரம் வெயிலில் காய வை. காப்பித்தூளுக்குப் பதிலாக இஸ்திரி வண்டிக்காரரிடம் நாலு துண்டு கரி கேட்டு வாங்கித் தட்டில் பரப்பி வை. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தாலும் ஈரத்தோடு வாடையையும் கொஞ்சம் இழுக்கும்.

நைட் ஷிப்ட்:

எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். பதினைந்து நாள் கூலி கணக்குப் போட்டாலே பாதிக் காசு வந்திருக்கும்.

உறையூர் மருமகள்:

அக்கா, ரப்பர் மடிப்பில் நிஜமாகவே இருந்தது, எடுத்துவிட்டேன். கரியும் வைத்தாச்சு. கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் போகவில்லை.

நைட் ஷிப்ட் அண்ணே, இந்த நிலைமையில் இதை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? வண்டியில் ஏற்றவே ஆள் வரமாட்டார்கள்.

வேதியியல் வாத்தியார்:

அந்த நுரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சோடா காரம், வினிகர் அமிலம். கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். நுரையாக வெளியே போனது கரியமில வாயு, மிஞ்சியது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். நீங்கள் அன்றைக்கு உப்புத் தண்ணீரால்தான் துடைத்திருக்கிறீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடல் மீன் கெடும்போது வரும் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்திலமைன் என்கிற பொருள். மீன் உயிரோடு இருக்கும்போது உடம்பில் வாடையில்லாத வேறு வடிவத்தில் இருக்கும். செத்த பிறகு பாக்டீரியா அதை இப்படி மாற்றிவிடும். ஏரி மீனில் இது ரொம்பக் குறைவு, அதனால்தான் கெண்டைக்கும் வஞ்சிரத்துக்கும் வாடை வேறு வேறு. இந்தச் சரக்கு காரத் தன்மை உள்ளது. காரத்தைக் கட்ட அமிலம் வேண்டும். மீன் கழுவிய கையைப் புளித்தண்ணீரில் தேய்க்க நம் வீட்டுப் பெண்களுக்கு யார் வேதியியல் சொல்லிக் கொடுத்தது? சோடா எதற்கு என்றால், புளித்த மாவு, கெட்ட தயிர் மாதிரி அமில வாடைகளுக்கு. உங்கள் பிரிட்ஜில் இரண்டும் இருந்திருக்கிறது. அதனால் முதல் நாள் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, மறுநாள், சோடா கரைத்த வெந்நீர். ஒரே நாளில் வேண்டாம்.

கரி நல்ல யோசனைதான். ஆனால் இஸ்திரிக் கரியைவிட ஆக்டிவேட்டட் கார்பன் பல மடங்கு இழுக்கும். வண்ணமீன் தொட்டி விற்கிற கடையில் ஃபில்டருக்கென்று பாக்கெட்டில் கிடைக்கும். கிண்ணத்தில் குவிக்காமல் அகலமான தட்டில் பரப்புங்கள், காற்று படுகிற இடம்தான் வேலை செய்யும்.

அவசரத்தில் யாராவது பிளீச்சிங் பவுடர் போடச் சொல்வார்கள். வினிகர் பட்ட இடத்தில் அது பட்டால் குளோரின் வாயு வரும். பூட்டிய சமையலறையில் விளையாடுகிற விஷயமில்லை.

பழைய ஸ்பேனர்:

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிரிட்ஜ் வேலை பார்த்து இப்போது சும்மா இருப்பவன். எல்லோரும் சொன்னது சரிதான். ஆனால் அம்மா, உங்கள் பதிவில் விடை இருக்கிறது. பூனை.

பிரிட்ஜுக்குப் பின்னால் சூடாக இருக்கும், பூனை சூட்டுக்கு வரும் என்று மற்ற மாதத்தில் சொல்லலாம். இந்த வெயிலில் எந்தப் பூனை சூடு தேடி வரும்? அது மீன் தேடி வந்திருக்கிறது. மீன் உள்ளே இல்லை, பின்னால் இருக்கிறது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே காயில், அதாவது குளிர் உண்டாக்குகிற வளைவுக் குழாய், இருக்கும். அதில் பிடிக்கிற பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற ஒரு தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது தானாக ஆவியாகிவிடும். அதனால்தான் நீங்கள் யாரும் அந்தத் தட்டைப் பார்த்ததே இல்லை. எட்டு நாளில் உங்கள் இறாலும் வஞ்சிரமும் உருகி வழிந்த தண்ணீர் எங்கே போயிருக்கும்? கொஞ்சம் கதவு வழியாகத் தரைக்கு வந்திருக்கும். மீதி ஃப்ரீசர் தரையில் காற்று திரும்பிப் போகிற சந்தில் இறங்கி, குழாய் வழியாக அந்தத் தட்டுக்குப் போயிருக்கும். ஆஃப் செய்தால் தட்டு ஆறிவிடும், வாடை இருக்காது. ஆன் செய்தால் கம்ப்ரசர் சூடாகி அந்த மீன் கஞ்சியைத் திரும்பவும் சூடு பண்ணுகிறது. ஐஸில் கவுச்சி வருவது காயிலுக்கு அடியில் தங்கிய மிச்சத்தால். அங்கிருந்து ஃபேன்தான் மேலும் கீழும் காற்றைத் தள்ளுகிறது.

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பின்பக்கம் கீழே ஒரு மூடி நாலைந்து ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றினால் கறுப்பாக உருண்டையாகக் கம்ப்ரசர், அதன் தலையில் தட்டு. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரின் பின்பலகையை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம், அதில் வயரும் சென்சாரும் இருக்கும். அதற்குப் பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அத்தையிடம் இனிமேல் சாம்பிராணி வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். இப்போது வருகிற பிரிட்ஜ் பலவற்றில் குளிரவைக்கிற காஸாக இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். உங்கள் சமையல் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்குப் பங்காளி. கொஞ்சம்தான் இருக்கும், குழாய்க்குள் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனாலும் பிரிட்ஜுக்குள் நெருப்பு கொண்டுபோவது கூடாது. கத்தியால் ஐஸைக் குத்துவதும் கூடாது.

உறையூர் மருமகள்:

ஐயா, மூடியைக் கழற்றிப் பார்த்தோம். நான் எழுதாமல் விடுகிறேன். பூனை சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. இழுத்தால் கம்ப்ரசரே ஆடுகிறது. என்ன செய்வது?

பழைய ஸ்பேனர்:

இழுக்காதீர்கள்! சில மாடலில் அது கம்ப்ரசரோடு கிளிப் போட்டு இறுக்கியிருக்கும், குழாய் உடைந்தால் காஸ் போய்விடும். இருந்த இடத்திலேயே கழுவுங்கள். வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பால் பாட்டில் பிரஷ் மூலைக்குப் போகும். கடைசியாக வாத்தியார் சொன்ன வினிகர் தண்ணீர். பக்கத்தில் வயர் முனைகளில் தண்ணீர் படக்கூடாது, முழுக்கக் காய்ந்த பிறகுதான் பிளக்.

இதையெல்லாம் செய்தும் போகாவிட்டால், உள்சுவரில் எங்காவது விரிசல் இருந்து தண்ணீர் பஃப்புக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுவருக்குள் இருக்கும் அந்த நுரைப் பஞ்சில் இறங்கினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது நைட் ஷிப்ட் தம்பி சொன்னதுதான் வழி. ஆனால் உங்களுக்கு அதுவரை போகாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு காசு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால் நடுவில் கரண்ட் போய் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது, தயங்காமல் கொட்டிவிடுங்கள். கரண்ட் போனால் திறக்காமல் வைத்த பிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கிற ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்.

உறையூர் மருமகள்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தட்டை மூன்று தடவை கழுவினோம். மாமாதான் கழுவினார், யாரையும் விடவில்லை. மெக்கானிக் வந்து ஃப்ரீசர் பின்பலகையைக் கழற்றினார். அடியில் ஒரு இறால் தலை கிடந்தது, முழுசாக மீசையோடு. அது எப்படி அங்கே போனது என்று அவருக்கும் தெரியவில்லை. குழாயில் வெந்நீர் விட்டுச் சுத்தம் செய்து 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு நாள் முழுக்கத் திறந்து காயவைத்து, மீன்தொட்டிக் கடைக் கார்பனை இரண்டு தட்டில் பரப்பி வைத்தோம். முதல் மூன்று நாள் ஐஸைக் கொட்டிவிட்டேன். முதலில் லேசாக இருந்தது, ஐந்தாவது நாள் எனக்குத் தெரியவில்லை. நமக்குப் பழகிப்போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மோரும் ஐஸும் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளர் கேட்டார்.

பூனை நேற்று வந்தது. நேராகப் பின்பக்கம் போய் மோந்து பார்த்தது, என்னை ஒரு முறை பார்த்தது, இறங்கிப் போய்விட்டது.

மாமா ஒரு டம்ளரை உறையவைத்து ஐந்து ரூபாய்க் காசு வைத்திருக்கிறார். நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. ஆனாலும் தினமும் காலையில் ஃப்ரீசரைத் திறந்து காசு மேலேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேப்பர் படிக்க உட்காருகிறார்.