வாராக்கடன்: ஒதுக்கு வைத்தால் வரிக்கழிவு கிடைக்குமா?

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் ₹1,18,000 (ஜிஎஸ்டி 18,000 உட்பட) தராமல் கடையை மூடிவிட்டார். வாரா ஐயக்கடன் ஒதுக்கு (வராமல் போகலாம் என்று முன்கூட்டியே கணக்கில் ஒதுக்கும் தொகை) வைத்தால் வருமான வரியில் கழியுமா?

பதில் 1: கழியாது சார். வியாபாரிகளுக்கு ஒதுக்கு செல்லாது. வருமான வரிச் சட்டப்படி (2026 மார்ச் வரை 1961 சட்டத்தின் 36ஆம் பிரிவு) கடனை ஏட்டிலிருந்தே நீக்க வேண்டும். மார்ச் 31 தேதியிட்டு வாராக்கடன் கணக்கு பற்று, வாடிக்கையாளர் கணக்கு வரவு. அந்த விற்பனை முன்பே வருமானத்தில் ஏறியிருக்க வேண்டும். பணம் வரவே வராது என்று நிரூபிக்கத் தேவையில்லை. டிஆர்எஃப் நிறுவனத்தின் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பதில் 2: கட்டிய ஜிஎஸ்டி போனது போனதுதான். பணம் வரவில்லை என்பதற்காக கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு வரியைக் குறைக்காதீர்கள், நோட்டீஸ் வரும்.

பதில் 3: பழைய ஒதுக்கு இருந்தால் முதலில் அதில் கழியுங்கள், இல்லையேல் செலவு இருமுறை விழும். பின்னாளில் வசூலானால் அது அந்த வருட வருமானம். அந்த வசூலை, ஏற்கெனவே நேர்செய்த வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்தால் அவருக்கு நாம் கடன்பட்டதுபோல் காட்டும்.