முழு வெயில் படும் தோட்டத்தில் தேனீக்களுக்காக எந்தச் செடிகளை நடலாம்?

கரிசல்வாசி (விருதுநகர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் தெற்குப் பக்கத்தில் இரண்டு சென்ட் அளவுக்குத் திறந்த இடம் இருக்கிறது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கே நிழல் விழுவதில்லை. கரிசல் மண் என்பதால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும். கத்தரியும் பூசணியும் போட்டிருக்கிறோம். பூசணியில் பெண் பூக்கள் நன்றாக மலர்ந்தும், பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துவிடுகின்றன. தேனீ நடமாட்டம் இல்லாததே காரணம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். ஆனால் வேலியோரம் இட்லிப்பூ, நித்தியகல்யாணி, காகிதப்பூ, அரளி எல்லாம் பூத்துக் குலுங்கியும் தேனீ ஏன் வரவில்லை என்பது விளங்கவில்லை. வாரம் இரண்டு முறைக்கு மேல் தண்ணீர் விட இயலாத நிலையில், வெயிலைத் தாங்கி நெடுநாள் பூக்கும் செடிகளாக எவற்றை நடலாம்? வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால், தேனீ கொட்டிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு.

நொச்சிவேலி (தூத்துக்குடி):

ஐயா, வணக்கம். தங்கள் வேலியில் பூக்களுக்குக் குறைவில்லை. தேனீயின் வாய்க்கு எட்டும் பூதான் இல்லை. இட்லிப்பூவிலும் நித்தியகல்யாணியிலும் தேன் நீண்ட, குறுகிய குழாயின் அடியில் இருப்பதால், அது வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு எட்டுமே தவிர தேனீயின் குட்டை நாக்குக்கு எட்டாது. அரளிப்பூவில் தேனே சுரப்பதில்லை. அடுக்குச் செம்பருத்தி போன்ற அடுக்குப் பூக்களிலும் மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் பெரும்பாலும் இதழ்களாகவே மாறிவிடுகின்றன. ஆகவே நாற்றங்கால் பண்ணைக்குப் போகும்போது நிறத்தையும் அளவையும் பார்ப்பதைவிட, பூ ஒற்றையாக இருக்கிறதா, நடுப்பகுதி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதன்மையானது.

எனக்கு ஒரே ஒரு செடிதான் வாய்க்கும் என்றால் ஆவாரையைத்தான் நடுவேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரும் இந்தச் செடி, வேர் பிடித்தபின் தண்ணீரே கேட்காமல் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். தச்சுத் தேனீ அந்தப் பையைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும்போது, பறக்கையில் எழும் ரீங்காரம் சட்டென வேறு சுருதிக்கு மாறுவதை அருகில் நின்றால் தெளிவாகக் கேட்கலாம். கத்தரிப் பூவின் அமைப்பும் இதுவே என்பதால், ஆவாரையைத் தேடி வரும் தேனீ தங்கள் கத்தரிக்கும் உதவும்.

வேலிக்கு நொச்சி. ஆடு மாடு வாய் வைக்காது, போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டாலே தழைத்துவிடும், அதன் நீலக் கதிர்களில் தேனும் நிறைய உண்டு. வெயில் ஏற ஏற விரியும் ஒற்றை இதழ் டேபிள் ரோஸ், காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும் டர்னெரா, பகல் முழுவதும் தேனீ மொய்க்கும் துளசி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றைச் சேர்த்தால், நாளின் எந்த வேளையிலும் ஏதேனும் ஒன்று திறந்திருக்கும். துளசிக் கதிர்களை எல்லாம் கிள்ளிவிடாமல் பாதியையாவது பூக்க விடுங்கள். ஒவ்வொரு வகையையும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நடாமல் கூட்டமாக நடுங்கள். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். மழைக்காலத்தில் தானாக முளைக்கும் தும்பையைக் களை என்று முழுதாகப் பிடுங்கிவிட வேண்டாம். கொடி ரோஜாவும் (ரோஜா இனமன்று, coral vine என்னும் பூங்கொடி) நன்றாகப் பூக்கும்.

தேன்பெட்டி (மார்த்தாண்டம்):

மேலே சொன்னவற்றில் கொடி ரோஜாவைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தேனீக்கள் அதை மிகவும் விரும்பும் என்பது உண்மையே. ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்த அந்தக் கொடி நிலத்தடிக் கிழங்கிலிருந்து மீண்டும் மீண்டும் துளிர்க்கும். பக்கத்தில் தரிசு நிலமோ ஓடையோ இருந்தால் அங்கும் பரவிவிடும். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் வைக்கக் கூடாது.

பிள்ளைகளைப் பற்றிய அச்சம் இயல்பானதே. தேனீ பெரும்பாலும் தன் கூட்டைக் காக்கத்தான் கொட்டும்; பூவில் மேயும் தேனீயைக் கையால் பிடிக்காமலும் வெறுங்காலால் மிதிக்காமலும் இருந்தால் போதும். தரையோடு படரும் டேபிள் ரோஸைப் பிள்ளைகள் ஓடியாடும் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள். சுவர்ப் பொந்துகளில் குடியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கே செயல்படாது. பெரிய கருவண்டுபோல் பறந்து பிள்ளைகளை மிரட்டும் தச்சுத் தேனீயில் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பெண்ணும் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது.

பூச்சிமருந்து விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளை வேரில் ஊற்றினாலும், அவை செடி முழுவதும் பரவி மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடும். மாலையில் தெளிப்பதால் மட்டும் அந்த ஆபத்து நீங்காது. பண்ணையில் என்ன மருந்து இட்டார்கள் என்று நமக்குத் தெரியாது என்பதால், விதையிலிருந்தோ போத்திலிருந்தோ நீங்களே வளர்ப்பது நல்லது. ரோஜா இலையின் ஓரத்தில் வட்டமாக வெட்டி எடுத்ததுபோல் தடம் தெரிந்தால் அது நோயன்று. இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்குக் கொண்டுபோன துண்டு. அதற்காக எவரும் மருந்தடிக்க வேண்டாம்.

கரிசல்வாசி:

இருவருக்கும் நன்றி. பழைய செடிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டுமா? மழையில் தண்ணீர் தேங்குவதற்கு என்ன செய்வது? எப்போது நடுவது?

நொச்சிவேலி:

எடுக்க வேண்டாம், ஐயா. இட்லிப்பூவும் நித்தியகல்யாணியும் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பயன்படும். அரளி முழுவதும் நச்சு என்பதால், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை மட்டும் எடுத்துவிடலாம். துளசிக்கும் டேபிள் ரோஸுக்கும் வேரில் நீர் நின்றால் அழுகிவிடும். கரிசலோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு அதில் வையுங்கள். நொச்சிப் போத்துகளை ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டுவிடலாம். ஆவாரை விதையின் தோல் தடித்தது. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். பாத்திக்கு வெளியே ஒரு மூலையைக் கொத்தாமலும் மூடாமலும் விட்டுவைத்தால், மண்ணில் வளை தோண்டும் தேனீக்களும் அங்கே தங்கும்.

இவை வளர்ந்து பூக்கும்வரை பூசணிக்குக் கைகொடுக்க வேண்டியது நீங்கள்தான். அதன் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். ஆகையால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவுங்கள். அடியில் சிறு உருண்டையாகப் பிஞ்சு இருப்பதே பெண் பூ.