கலைச்சொல் உதவி: சம்பளம் இல்லாத நூலகரை எப்படி அழைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலை ஒரு துண்டறிக்கை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிப் பல வருடம் ஆகிறது. பால் மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தபோது கட்டடமும் போய்விட்டது. ஆனால் அங்கே மருத்துவ உதவியாளராக இருந்த பழைய டிரசர் ஐயா வீட்டில் ஒரு பீரோ நிறைய ஆஸ்பத்திரிப் பேரேடுகளும் மருந்துக் கணக்கும் வைத்தியப் புத்தகங்களும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் கோயில் மண்டபத்துப் பின்னறைக்குக் கொடுத்துவிட்டார்கள். நேற்று ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் கோடு பிசகாமல் எழுதிய பெயர் வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரே காய்ச்சல், காய்ச்சல். ஓரத்தில் மட்டும் பென்சிலில், தமிழில்: "கொய்னா குடிக்கவில்லை, துப்பிவிட்டாள்." கொய்னா என்றால் காய்ச்சலுக்குக் கொடுத்த கசப்பு மருந்து, குயினைன். இதையெல்லாம் கரையான் தின்னும் முன் பிரித்து, அடுக்கி, பட்டியல் போட்டு, வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட ஒருவர் வேண்டும். சம்பளம் கிடையாது.

லண்டனில் 1518இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் சங்கத்தில் இப்படி ஒரு பதவி இருக்கிறது. இரத்த ஓட்டத்தை 1628இல் விளக்கிய வில்லியம் ஹார்வி பெயரால் ஹார்வி நூலகர் என்பார்கள். முதலில் இருந்தவர் கிறிஸ்டோபர் மெரட். 1666 பெருந்தீயில் ஹார்வி கொடுத்த நூல்களில் பெரும்பகுதி எரிந்துபோனது, மெரட் காப்பாற்றியது கொஞ்சம்தான். இன்று அது ஊதியமில்லாத ஆனரரி பதவி. இந்த உதாரணத்தையும் அறிக்கையில் போட்டிருக்கிறேன்.

முதலில் 'கௌரவ நூலகர்' என்று எழுதினேன். ஆலயத்துப் பெரியவர் வாசித்துவிட்டு, "பேரு மட்டும் போட்டா போதுமா, இல்ல வரணுமா?" என்று கேட்டார். அங்கேதான் நின்றுவிட்டேன்.

தெலுக் இந்தானிலிருந்து, செவ்வாய் விடிகாலை

தங்கச்சி, அந்தப் பெரியவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். கௌரவம் 'குரு' என்ற வடசொல்லடியில் பிறந்தது. குரு ஆசான் மட்டுமில்லை, பாரமானது என்றும் பொருள். வடமொழி யாப்பில் குரு, லகு என்கிறார்களே, அந்தக் குருதான். கோர்ட்டில் 'கனம் நீதிபதி அவர்கள்' என்றதும் இதே பாரத்தை நினைத்துத்தான், கனமும் வடசொல்தான். மலாயில் கெஹோர்மாத் என்கிறோம், அதிலுள்ள ஹோர்மாத் அரபியிலிருந்து வந்தது. ஆக எல்லாரும் கடன் வாங்கித்தான் மரியாதை செய்கிறோம்.

கூலி வாங்காமல் பொதுச்சொத்தைக் காப்பவருக்குத் தமிழில் சொந்தச் சொல் இருக்கிறது: அறங்காவலர். பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் இருக்கிறதே. அதே வழியில் 'அறநூலகர்' என்று வையுங்கள். அறம் + நூலகர்: மகர ஈறு மெல்லினத்தின் முன் கெடும். நன்னூல் விதிப்படி குற்றமில்லை.

கிள்ளானிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, புணர்ச்சி சரி, பொருள் தப்பிப் போகிறது. அறநூல் என்றால் எல்லாருக்கும் திருக்குறளும் நாலடியாரும்தான் நினைவுக்கு வரும். அறநூலகர் என்றால் நீதிநூல் மட்டும் வைத்திருப்பவர் என்று படிப்பார்கள். பத்திரிகையில் பிழை திருத்தியே என் காலம் போய்விட்டது. விளக்கம் கேட்கும் சொல்லை வாசகர் தாண்டிப் போய்விடுவார்.

கௌரவ என்பதும் வேண்டாம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்துக்குப் பாடம் எடுப்பவர்களை கௌரவ விரிவுரையாளர் என்கிறார்கள். இலங்கையில் அமைச்சர் பெயருக்கு முன்னால் கௌரவ போடுகிறார்கள். ஒரு சொல் மூன்று ஊரில் மூன்று வேலை செய்கிறது. 'மதிப்புறு முனைவர்' எல்லாருக்கும் பழக்கம்; 'மதிப்புறு நூலகர்' என்று போட்டு முடியுங்கள், ஆசிரியை.

பினாங்கிலிருந்து, செவ்வாய் மாலை

நான் நூலகவியல் படித்துப் பட்டம் வாங்கிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள், அதனால் சொல்கிறேன். எந்த அடைமொழி வைத்தாலும் 'நூலகர்' என்று போட்டால், இது யாரும் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய வேலை என்றுதான் நினைப்பார்கள். லண்டனிலும் அந்த ஹார்வி நூலகர் தனியாக நூலகம் நடத்தவில்லை. பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருக்கிறார்கள். 'காப்பாளர்' என்று வையுங்களேன். இன்னொன்று, மதிப்பூதியம் என்ற சொல் புழக்கத்தில் இருப்பதால், மதிப்புறு என்றதும் கையில் ஏதோ கொடுப்பார்கள் என்றும் தோன்றும்.

தெலுக் இந்தானிலிருந்து, புதன்

காப்பாளர் நல்ல சொல்தான் அம்மா, ஆனால் விடுதிக் காப்பாளர் ஞாபகம் வருகிறது. 'ஏடகம்' என்ற சொல்லை யாரும் நினைக்கவில்லையே. மதுரைக்கு மேற்கே திருவேடகம். சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு எதிர்நீச்சல் போட்டு ஒதுங்கிய இடம் என்பது தலபுராணம். ஏட்டைக் காக்கிறவர் ஏடகர்!

ஆஸ்பத்திரிக்கும் நல்ல சொல் உண்டு. திருமுக்கூடல் கல்வெட்டில், வீரராசேந்திரன் காலத்தில், 15 படுக்கையோடு ஓர் ஆதுலர்சாலை. ஆதுலர் வடமொழி 'ஆதுர' என்பதன் மாற்றம் என்று கிள்ளான் தம்பி சொல்வார், ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் வருடம் இருந்த சொல் நம் வீட்டுப் பிள்ளைதான்.

மதிப்புறு பற்றி என் மறுப்பு இதுதான். 'உறு' இங்கே 'மிகுந்த' என்று பொருள் தரும் உரிச்சொல் இல்லை. மதிப்பை உறுகிறவர், வினைத்தொகை. மதிப்புறு முனைவர் ஆய்வேடு எழுத வேண்டியதில்லை, மேடைக்கு வந்து வாங்கிக்கொண்டால் போதும். உங்கள் ஆளோ கரையானைத் தட்ட வேண்டும். பெரியவர் கேட்ட கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன் இரவு

ஐயா, அண்ணன், அக்கா, மூவருக்கும் நன்றி. இன்று ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளிடம் நான்கு சொல்லையும் பலகையில் எழுதிக் கேட்டேன். அறநூலகரைக் குறளோடு சேர்த்தார்கள். ஏடகர் யாருக்கும் புரியவில்லை. காப்பாளர் என்றதும் ஒருவன் கையுயர்த்தி, "செக்யூரிட்டியா, டீச்சர்?" என்றான். மதிப்புறு மட்டும் நின்றது.

அதனால் 'மதிப்புறு நூலகர்' என்றே போகிறது. ஆனால் ஐயா சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. சொல்லுக்குக் கீழேயே அதே அளவு எழுத்தில், "ஊதியம் இல்லை. வாரம் இரண்டு நாள் வந்து வேலை செய்ய வேண்டும். பட்டியலிடும் முறையைப் பயிற்சி பெற்ற நூலகர் கற்றுத் தருவார்" என்று சேர்த்திருக்கிறேன். கற்றுத் தருபவர் நீங்கள்தான் அக்கா, மறுக்காதீர்கள்.

தெலுக் இந்தானிலிருந்து, வெள்ளி விடிகாலை

அச்சுக்குப் போகட்டும். மூன்று வரி விளக்கம் கேட்கிற சொல் இன்னும் சரியான சொல் ஆகவில்லை என்பதே என் கருத்து, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் தங்கச்சி, அந்தப் பென்சில் எழுத்தை யாரும் அழிப்பானால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.