பாதி ரோட்டிலேயே பச்சை போய்விடுகிறது, மனுவில் என்ன கேட்பது?

மூலைவீட்டுக்காரர்:
எங்கள் நாற்சந்தியைச் சீரமைக்கப் போகிறார்களாம். குடியிருப்போர் சார்பில் மனு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாதிப் பேர் ‘சாலையை அகலப்படுத்தச் சொல்’ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மாவுக்கு 74 வயது, கைத்தடி ஊன்றி நடக்கிறார். நேற்று அவர் கடப்பதை கைபேசியில் நேரம் பிடித்தேன். 14 மீட்டருக்கு 20 நொடி. விளக்கோ 13 நொடியில் சிவப்பு. மீதி 7 நொடியும் ஒரு கையில் தடி, இன்னொரு கையை வண்டிகளுக்குக் காட்டியபடி நடந்தார். பஸ் நிறுத்தமும் சிக்னலுக்கு முன்னாலேயே இருக்கிறது. நிற்கும் பஸ்ஸை ஒட்டி முன்பக்கமாகப் பிள்ளைகள் ஓடிவருவது பக்கத்து வரிசை வண்டிக்குத் தெரிவதே இல்லை. நடைமேம்பாலம் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வேண்டாம். அம்மாவால் படி ஏற முடியாது. ஏற முடிந்தவர்கள் கீழேயே ஓடிக் கடப்பார்கள். நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்து சிக்னல் நேரம் போடுவது வழக்கம். 14 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 12 நொடி வரும். உங்கள் 13 அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அம்மாவின் வேகம் 0.7. நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள், ஆனால் தூரத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வண்டி நிறுத்தும் வரிசை இருந்தால், மூலையில் மட்டும் நடைபாதையை அந்த அகலத்துக்கு வெளியே நீட்டலாம். இருபுறமும் 2 மீட்டர் நீட்டினால் கடக்க வேண்டியது 10 மீட்டர்தான், அம்மாவுக்கு 15 நொடி போதும். நீட்டிய இடத்தில் மழைநீர் வடிய வழி விடச் சொல்ல மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, குளம் கட்டிவிட்டேன்.

பஸ் ஓட்டுநர்:
சார், நிறுத்தத்தை சிக்னல் தாண்டி வைக்கச் சொல்லுங்கள். இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், எனக்கும் பயம் இல்லை. ஆனால் சந்திப்பை ஒட்டியே வைத்துவிடக் கூடாது. பஸ் 12 மீட்டர் நீளம். ஒன்று நிற்கும்போது அடுத்தது வந்தால் அதன் வால் சந்திப்பை மறிக்கும். இரண்டு பஸ்ஸுக்காவது இடம் வேண்டும். அப்புறம், பஸ் திரும்பும் மூலையை ரொம்பக் கூராக்கினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும்.

சக்கர நாற்காலிக்காரர்:
நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவு 1:12 என்று எண்ணாகவே எழுதுங்கள். ‘சாய்தளம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் சறுக்குமரம் கட்டிவிடுவார்கள். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும்.

மூலைவீட்டுக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. காலையில் டேப்போடு போனேன். வண்டி நிறுத்துவது ஒரு பக்கம்தான், அதனால் 12 மீட்டருக்குத்தான் குறையும். மனுவில் 18 நொடி என்று எழுதிவிட்டேன். பஸ் திரும்புவது எதிர் மூலையில், பிரச்சினை இல்லை. அகலப்படுத்தச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை அம்மாவோடு ஒருமுறை கடந்து வரச் சொன்னேன். வந்தார். கையெழுத்து நாளைக்குப் போடுகிறாராம். அவர் கார் நிற்பது அந்த மூலையில்தான்.