சேபிள் தீவுக் குதிரைகள் குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்கின்றன?

கேள்வி (உப்புக்காற்று): கனடாவில் ஹாலிஃபாக்ஸிலிருந்து கிட்டத்தட்ட 300 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக் நடுவே கிடக்கும் மணல்திட்டு இது. நீளம் 40 கி.மீ.க்கு மேல், அகலம் ஒன்றரை கி.மீ. இருந்தாலே அதிகம். ஆறு இல்லை, மரநிழல் இல்லை, ஆனால் சுமார் 500 காட்டுக் குதிரைகள் இருக்கின்றன. எதைக் குடிக்கும்? பனிக்காலத்தில் யாராவது வைக்கோல் போடுவார்களா?

மணல்வீடு: தண்ணீர் பெரிய பிரச்சினை இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கும். நம் கடற்கரையில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வருமே, அதே கதைதான். சில இடங்களில் குட்டைகள் உண்டு. இல்லாத பக்கம் குதிரையே முன்னங்காலால் மணலைப் பறித்துக் குழி போட்டு, ஊறுகிற தண்ணீரைத் தலையை உள்ளே விட்டு உறிஞ்சும். வைக்கோலா, யாரும் போடுவதில்லை, வைத்தியமும் கிடையாது.

பரிமேலழகி: குளிருக்கு உடம்பெல்லாம் சடைபிடித்த மாதிரி ரோமம் அடர்ந்துவிடும். காற்று அடிக்கும்போது மணல்மேட்டு மறைவில் கூட்டமாக ஒண்டிக்கொள்ளும். பல்தான் பாவம். புல்லோடு மணலையும் சேர்த்து வருடக்கணக்கில் அரைத்தால் தேயாமல் என்ன செய்யும்? பல் தேய்ந்த கிழட்டுக் குதிரைகளும் எலும்பும் தோலுமான குட்டிகளும் பனிக்காலக் கடைசியில் நிறையச் செத்துப்போகும்.

தீவான்: அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவை தாமாக நீந்திப் போனவை இல்லையே, கிழக்குக் கனடாவில் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர்களான அகேடியர்களை ஆங்கிலேயர் விரட்டியபோது பறித்த குதிரைகளை 1760 வாக்கில் தாமஸ் ஹான்காக் என்ற பாஸ்டன் வியாபாரி கொண்டுபோய் இறக்கினார் என்கிறார்கள். இலங்கையின் நெடுந்தீவில் வறட்சிக்குக் காட்டுக் குதிரை செத்தால் தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கத்துகிறோம், அங்கே மட்டும் வேடிக்கை பார்ப்பதா?

மணல்வீடு: தீவான், நெடுந்தீவில் சனமும் மாடும் அதே மேய்ச்சலையும் தண்ணீரையும் பங்கு போடுகின்றன, அங்கே நாம் கைகட்டி நிற்க முடியாது, சரி. சேபிளில் தீவனம் போட்டால் குதிரை பெருகும், புல் அழியும், அந்தப் புல்லின் வேர்தான் மணலையே பிடித்து வைத்திருக்கிறது. 1960இல் அரசாங்கம் அவற்றை அப்புறப்படுத்தப் பார்த்தது. பள்ளிப் பிள்ளைகள் பிரதமர் டீஃபன்பேக்கருக்குக் கடிதமாக எழுதித் தள்ளி, 1961இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. மனிதன் கை வைக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பாதுகாப்பு.

பரிமேலழகி: ஒன்று விட்டுப்போச்சு. அங்கே குட்டி போட வரும் சீல்களின் கழிவுதான் புல்லுக்கு உரம். கடல் மீன் சுற்றிவளைத்துக் குதிரை வயிற்றுக்குப் போகிறது!

உப்புக்காற்று: நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

மணல்வீடு: முன் அனுமதி வாங்கினால் முடியும், இப்போது அது தேசியப் பூங்காக் காப்பகம். குதிரையிடமிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், செல்பி ஆசை வேண்டாம்.