மறு: செஸ் ‘றேட்டிங்’குக்கு ‘வலுவெண்’ எண்டு வைப்பம்

எல்லாருக்கும் வணக்கம்,

செஸ்ஸில ஒரு ஆட்டக்காரர் எவ்வளவு பலம் எண்டதைக் காட்டுற எண்தான் றேட்டிங், அதுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடி இந்தக் குழுவில வந்த முந்தின மடல்கள் எல்லாத்தையும் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். றேட்டிங்குக்கு இதுவரைக்கும் வந்த சொல்லுகள் தரப்புள்ளி, திறன்மட்டம், கடினநிலை. மூண்டும் நல்ல தமிழ்தான். ஆனா நான் திருகோணமலை உவர்மலையில பின்னேரங்களில பிள்ளையளுக்கு செஸ் சொல்லிக் குடுக்கிற ஆள், அதுகளோட கதைக்கேக்க இந்தச் சொல்லுகள் எங்க இடறுது எண்டதைச் சொல்லத்தான் வேணும்.

தரப்புள்ளியை முதல்ல விடுவம். இலங்கையில ஒரு பிள்ளையிட்ட “உன்ட தரம் என்ன” எண்டு கேட்டா “தரம் ஏழு” எண்டுதான் பதில் வரும், இஞ்ச தரம் எண்டா வகுப்பு. தரம் 5 புலமைப்பரிசில் எண்டு அந்தச் சொல்லோடயே வளருற பிள்ளையள், அதுக்கு மேல நாங்கள் தரப்புள்ளி 1500 எண்டு சொன்னா தாய் தகப்பனும் பள்ளிக்கூட மார்க்ஸ் எண்டுதான் நினைப்பினம். சென்னையில இருந்து எழுதின ஐயா அங்க இந்தக் குழப்பம் வராது எண்டார். சரி, ஆனா ரெண்டு கரைக்கும் பொதுவான சொல்லைத்தானே தேடுறம்.

திறன்மட்டமும் கடினநிலையும் வேற மாதிரிச் சிக்கல். லிச்செஸ் எண்ட செஸ் இணையத்தளத்தில புதிர் (ஒரு நிலையைத் தந்து சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லுறது) செய்யிறவைக்குத் தெரியும், அங்க றேட்டிங் ஆளுக்கு மட்டும் இல்லை, புதிருக்கும் இருக்கு. நீங்கள் ஒரு புதிரைத் தொட்டா அது உங்களுக்கும் புதிருக்கும் நடக்கிற ஒரு ஆட்டம் மாதிரித்தான் கணக்கு, நீங்கள் தீர்த்தா உங்கட எண் ஏறும் புதிரின்ட எண் இறங்கும், பிழைச்சா மற்றப் பக்கம். றேட்டிங்கைக் கணக்குப் பாக்கிற கிளிக்கோ 2 எண்ட முறைதான் அங்க, எண் 1500இல தொடங்கும். ஆளும் புதிரும் ஒரே எண்ணில நிண்டா தீர்க்கிறதுக்கும் தவறுறதுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்ப ஒரே அளவுகோல்தான் ரெண்டு பக்கத்தையும் அளக்குது. புதிருக்குத் திறன் எண்டு சொல்லேலாது, பிள்ளைக்குக் கடினம் எண்டு சொல்லேலாது. ரெண்டு பேருக்கும் பொருந்துற ஒரு சொல்லு வேணும்.

கடினநிலையில இன்னொரு பிழையும் இருக்கு. அது புதிருக்குள்ளயே கடினம் ஒளிஞ்சிருக்கு எண்ட மாதிரிச் சொல்லுது. ஒரு நிலையைப் பாருங்கோ: கறுப்பு ராசா மூலையில, முன்னுக்கு ரெண்டு சிப்பாய் அடைச்சு நிக்குது, வெள்ளை ராணியும் குதிரையும் சேர்ந்து டபுள் செக் (ஒரே நேரத்தில ரெண்டு காயாலயும் செக்) குடுத்தாச்சு, ராசா திரும்ப மூலைக்குள்ள போயிட்டுது. இப்ப வெள்ளை தன்ட ராணியைக் கொண்டுபோய் ராசாவுக்கு ஒட்டின கட்டத்திலயே வைக்கவேணும். ராசாவால வெட்டேலாது, குதிரை அந்தக் கட்டத்தைக் காக்குது, கோட்டைதான் வெட்டவேணும், வெட்டினவுடன கோட்டையே ராசாவின்ட கடைசிக் கட்டத்தையும் அடைச்சிடும், குதிரை பாய்ஞ்சா மேற், ராசாவுக்குத் தப்ப வழியில்லை, ஆட்டம் முடிஞ்சுது. 1497இல வந்த, லுசேனா எண்ட ஸ்பானியரின்ட செஸ் புத்தகத்திலயே இருக்கிற வேலை இது. புதுசாப் பழகிற பிள்ளை அந்தக் கட்டத்தைப் பாக்கவே மாட்டுது, ராணி போயிடும் எண்டு மனசு அப்பவே ஒதுக்கிடும். ஒருக்கா பாத்து வைச்ச பிள்ளை போர்டைத் திருப்பிறதுக்கு முதலே “குதிரை மேற் சேர்” எண்டுது. நகர்த்தல் எண்ணிக்கை ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். மற்றப் பக்கம், ஒரேயொரு அமைதியான நகர்த்தல், செக்கும் இல்லை வெட்டும் இல்லை, அதுக்கு நல்ல ஆட்டக்காரரே தவறுவினம், அதின்ட எண் மேல போய் நிக்கும்.

இதைப்பற்றி ஆராய்ச்சியும் இருக்கு. டி கிரோட் எண்ட உளவியலாளர் 1946இலயே, பெரிய ஆட்டக்காரர் மற்றவையை விட நிறையத் தூரம் எண்ணிப் பாக்கிறதில்லை, நல்ல நகர்த்தலைத்தான் முதல்லயே பாக்கினம் எண்டு காட்டினார். சேஸ், சைமன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளரும் 1973இல, உண்மையான ஆட்டத்து நிலையை ஐஞ்சு செக்கன் காட்டினா மாஸ்டர் பெரும்பகுதியைத் திருப்பி அடுக்குவார், காய்களைக் கண்டபடி கலைச்சு வைச்சா அவருக்கும் புது ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை எண்டு கண்டினம். ஆகவே புதிரின்ட எண் எண்டது அதோட மோதின ஆக்கள் எப்பிடி நிண்டினம் எண்ட கணக்குத்தான். கடினம் எண்டு பேர் வைச்சா இது மறைஞ்சுபோகும்.

அதுதான் ‘வலுவெண்’ எண்டு கேக்கிறன். வலு ஆளுக்கும் வரும், புதிருக்கும் வரும். “வலுவான ஆட்டக்காரன்”, “வலுவான புதிர்” ரெண்டையும் பிள்ளையள் இப்பவே சொல்லுதுகள். அணுவெண், சுட்டெண் எண்டு பள்ளிக்கூடத்தில பழகின அச்சிலயே நிக்குது, ஓஎல் (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளைக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. பௌதிகத்தில வலு எண்டா வாற்றில அளக்கிறது, அது குழம்பும் எண்டு மட்டக்களப்புத் தங்கச்சி எழுதியிருந்தா. அங்க அது வெறும் வலு, இஞ்ச எண் ஒட்டியிருக்கு, செஸ் போர்டுக்கு முன்னால இருந்து வாற்றை ஒருத்தரும் யோசிக்க மாட்டினம்.

ஆட்ட வலுவெண், புதிர் வலுவெண் எண்டு ரெண்டாப் பிரிக்கிறதும் கட்டாயம். புதிர் எண்டு தந்தாலே உள்ளுக்குள்ள ஒண்டு இருக்கு எண்டு தெரிஞ்சுதான் தேடுறம், ஆட்டத்தில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லித் தரமாட்டினம். அதனால புதிர் வலுவெண் பெரும்பாலும் கூடத்தான் நிக்கும். 2024 மார்ச்சிலிருந்து பிடே (உலக செஸ் சம்மேளனம்) றேட்டிங் பட்டியல் 1400இலதான் தொடங்குது, இஞ்சத்தப் பிள்ளையள் கனபேருக்கு அந்தப் பட்டியலில பேரே இல்லை, போனில ஏறிற புதிர் வலுவெண்தான் அதுகளுக்குத் தெரிஞ்ச ஒரே எண். அதைக் கொண்டு ஆட்டத்துக்குப் போய் நொந்து வாற பிள்ளையளை நான் பாக்கிறன். ரெண்டுக்கும் வேற வேற பேர் இருந்தா அந்த நோவு கொஞ்சமாவது குறையும்.

எண் இன்னும் நிச்சயமில்லை எண்டு பக்கத்தில கேள்விக்குறி போட்டு வாறதுக்கு ‘தற்காலிக வலுவெண்’ போதும். கிளிக்கோவில அந்த நிச்சயமின்மையை அளக்கிற மற்ற எண்ணுக்கு, நியம விலகல் எண்டு கணிதத்தில இருக்கிறபடியால் ‘வலுவெண் விலகல்’ எண்டு போடலாம். சொற்பட்டியலைப் பாக்கிற தம்பி, அதில இந்த நாலையும் சேர்த்துவிடுங்கோ, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சொல்லிக் குடுக்கிறவையும் ஒருக்கா வாசிச்சிட்டுச் சொல்லட்டும்.